பெயின்ட் அடிக்காத பிளேன்

“அந்தா வருது பாருங்க மாமா!” சார்லஸ் கிழக்கே கையை நீட்டினான்.

தைரியநாதன் நெற்றியில் கைவைத்து வானத்தைத் துழாவினார். ஒன்றையும் காணோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பொட்டு மாதிரி ஒன்று தெரிந்தது. அது தலைக்கு மேல் தாண்டிப் போனபிறகு சத்தம் வந்து தகரக் கூரையை உலுக்கியது. தஞ்சாவூரிலிருந்து கிளம்பிய போர் விமானம். ஆவூருக்குப் பழகிப்போன சத்தம்.

“கழுகுக் கண்ணுடா மாப்ள ஒனக்கு.”

“அதத்தான் நானும் சொல்றேன். இந்தக் கண்ண வச்சுக்கிட்டு இவன் துபாய்ல போயி மூட்டை தூக்கணுமா?” என்றாள் அக்கா ஷர்லி.

தைரியநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இவர்கள் அம்மா வேளாங்கண்ணிக்குத் தம்பி அவர். சார்லஸுக்கு துபாய் குடோனில் வேலைக்கு விசா கொண்டு வந்திருந்தார். இன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். சார்லஸோ ஏர்ஃபோர்ஸுக்கு எழுதி, பரீட்சையிலும் ஓட்டத்திலும் தேறிவிட்டான். அடுத்த வாரம் மெடிக்கல்.

அவன் மடியில் இருந்தது அவனே செய்த மிக் போர் விமான மாடல். அசலில் இருபத்து நாலில் ஒரு பங்கு. சன்போர்டு அட்டையை வெட்டி ஒட்டி, மூக்குக்குப் பேனா ரீஃபிலைச் செருகியிருந்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில், இறக்கையைத் தடவினால் ஒட்டு எங்கே என்று விரலுக்கே தெரியாது. பெயின்ட் மட்டும்தான் பாக்கி. செல்லில் கிடைத்த கோட்டுப்படத்தைப் பார்த்து மேல்பக்கம் முழுக்கப் பென்சிலால் திட்டுத் திட்டாக வளைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ‘ப’ என்றோ ‘ம’ என்றோ எழுதியிருந்தான்.

“அதென்னடா ப, ம?”

“பச்சை, மண்ணு கலரு மாமா. மேலருந்து பாத்தா தரை மாதிரியே இருக்கணும். பிளேனு எது, காடு எதுன்னு எதிரிக்குத் தெரியக் கூடாது.”

“ஆமா, தொரைக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு,” அடுப்படியிலிருந்து வேளாங்கண்ணி குரல் கொடுத்தாள். “பழுத்த மொளகாயா பறிச்சுட்டு வாடான்னா பாதிக்குப் பாதி காயப் பறிச்சுட்டு வந்து நிக்கிறான். கேட்டா இளிக்கிறான். நெனப்பெல்லாம் ஆகாசத்துல.”

எல்லோரும் சிரித்தார்கள். சார்லஸும்தான்.

சிரிப்பு அடங்கியதும் மாமா மெதுவாக ஆரம்பித்தார். “மெடிக்கலு லேசு இல்ல ஷர்லி. நம்ம ஆரோக்கியதாஸ் மகனத் தட்டைப் பாதம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இது கைல இருக்கற வேலை. மெடிக்கல் முடியட்டும்னா ஏஜென்டு நிக்க மாட்டான்.”

“கண்ணு, காது, காலு எல்லாத்தையும் சோதிச்சுக்கட்டும். இவன்ட்ட ஒரு கொறை சொல்ல முடியாது.”

“அதுக்கில்லம்மா, கைல இருக்கற வேலைய…”

“கைல இருக்கற வேலைன்னுதான் எங்கப்பாவையும் அனுப்பி வச்சீங்க.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா துபாய் வெயிலில் வேலை பார்த்த இடத்திலேயே விழுந்து, பெட்டியில் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் நின்று அந்தப் பெட்டியை வாங்கி வந்தவர் இந்த மாமாதான். அதன் பிறகு ஷர்லியை டிகிரி வரை படிக்க வைத்தவரும் இவர்தான். அந்த வம்சத்திலேயே முதல் டிகிரி. எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

“ஏய், வாய மூடுடி!” வேளாங்கண்ணி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“மூட மாட்டேன். நம்ம சனம்னா சித்தாளு, மூட்டை, குடோனு. அதத் தவுத்து ஒண்ணு வாசலுக்கு வந்தா ஒடனே பயம். இவன் யூனிபாரத்துல வந்து நிப்பான், பாருங்க. அந்த விசாவ வேற யாருக்காச்சும் குடுங்க மாமா.”

வேளாங்கண்ணி மகனைப் பார்த்தாள். அவன் இறக்கையில் இருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தான். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அவ சொல்றபடியே இருக்கட்டும் தம்பி.”

மாமா அங்கேயே செல்லை எடுத்தார். “நம்ம பையன் வரலைங்க. வேற ஆளப் போட்டுக்கங்க.”

செல்லைப் பையில் போட்டுவிட்டு எழுந்தார். “நல்லா வருவடா மாப்ள,” என்று சார்லஸின் தோளைத் தட்டினார். ஷர்லியின் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஜெயித்தது ஷர்லிக்கு இனிக்கவில்லை. மெடிக்கல் முடிந்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் மாமா காலில் விழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கைப்பையைத் திறந்து, தம்பிக்குச் சொல்லாமல் வாங்கி வந்ததை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

இரண்டு சின்ன டப்பா. கீரனூர் பெயின்ட் கடையில் சண்டை போட்டு, கடைக்காரரைத் திரும்பத் திரும்பக் கலக்க வைத்து வாங்கியது. ஒன்று, முற்றிய வேப்பிலைப் பச்சை. இன்னொன்று, மழையில் நனைந்த செம்மண்.

“என்னக்கா, சொல்லவே இல்ல!” சார்லஸ் துள்ளி எழுந்தான். மூடிகளைத் திறந்து டப்பாக்களை வெயிலில் வைத்தான். ஒன்றில் குச்சியை விட்டுக் கலக்கினான். அடுத்ததில் விட்டுக் கலக்கினான். குனிந்து இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“என்னடா, புடிக்கலையா?”

“புடிச்சிருக்கு. ஆனா ரெண்டுலயும் ஒரே கலர வாங்கிட்டு வந்திருக்கியேக்கா!”