பொட்டி மறுக்கா நின்னுபோச்சு

"இது எங்க பையனோட பொட்டிங்க. அவன் இல்லீங்க இப்ப."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார் வெள்ளியங்கிரி. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அறையைத் திறந்துவிட்டு, "வாங்க" என்று ஒதுங்கி நின்றார்.

காந்திபுரம் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்திருந்த அருண்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு, தாழ்வான நிலைக்குத் தலையைக் குனிந்து உள்ளே போனான். ஆள் புழங்காத அறை. ஆனாலும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கட்டில் விரிப்பில் சுருக்கம் இல்லை. சுவரில் போட்டோ மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"என்னுங்க பண்ணுது?"

"என்ன பண்ணும்? போன மாசம் பண்ணுனதையேதான் பண்ணுது. காரு கேம் போட்டா சித்தெ நேரத்துல சூடாகி நின்னு போயிருது. நீங்களும் வாரீங்க, சரி பண்ணிப்போட்டேன்னு போறீங்க. மறுக்கா நின்னுக்குது. படிச்ச படிப்பு அவ்வளவுதானுங்களா?"

அருண்குமார் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். ஸ்குரூவைக் கழற்றிப் பெட்டியின் பக்கத் தகட்டை எடுத்து வைத்தான்.

உள்ளே இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி நின்றன. கோயமுத்தூரில் அன்றைக்கு இரண்டு கார்டு போட்ட கம்ப்யூட்டரை விரல் விட்டு எண்ணிவிடலாம். லேசாகத் தொட்டுப் பார்த்தான். சற்று முன்தான் ஓடி நின்றதில் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

"கேம் ஆருங்க விளையாடறது?"

"விளையாட ஆருங்க இருக்கறா? எங்கூட்டுக்காரிதான் போட்டு உட்டுர்றா. காரு அது பாட்டுக்குச் சுத்தீட்டுக் கெடக்கும். சத்தம் கேட்டுட்டே இருந்தா ரூம்புக்குள்ள ஆளு இருக்காப்ல இருக்குதாமா." வெள்ளியங்கிரி செருமிக்கொண்டார். "பொம்பளைங்க மனசு. கடைக்கு ஃபோன் பண்ணுனதும் அவ சொல்லித்தானுங்க."

வெளியே செல்லாத்தாள் வாசல் கூட்டுகிற சத்தம் நின்றது. "ஏனுங்க, அவிங்களுக்கு மோரு கொண்டாரட்டுங்களா?"

"வேலெ முடியட்டும்." கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கொண்டா, வெயில்ல வந்திருக்கறாரு" என்றார்.

மோர் டம்ளர் வெளியிலிருந்தே ஜன்னல் கம்பி வழியாக வந்தது. அருண்குமார் நிமிராமல் வாங்கிக் குடித்தான்.

டார்ச்சை அடித்து முன்பக்க ஃபேனைப் பார்த்தான். கார்டுகளுக்குக் காற்றடிக்கிற ஃபேன் அதுதான். இறக்கை இடுக்கில் ஒடிந்த ஈர்க்குச்சி ஒன்று சொருகியிருந்தது; ஃபேன் சுற்ற வழியில்லை. போன மாதமும் இதே குச்சி, இதே இடம். அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு ஒரு கார்டைக் கழற்றி ஒரு ஸ்லாட் தள்ளிச் சொருகினான். பக்கத் தகட்டில் புதிதாக ஒரு ஃபேன் வைத்து, இரண்டுக்கும் நடுவில் காற்று போகிற மாதிரி செய்தான். கடைசியாக எல்லா ஃபேன் மேலும் பொடிக் கம்பி வலையை வைத்து முடுக்கினான்.

"இந்த வலெ எதுக்குங்க?"

"காத்து மட்டும் போகுமுங்க. வேற எதும் உள்ள போகாது."

கேமைப் போட்டுவிட்டான். திரையில் கார்கள் சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டி நிற்கவில்லை.

"இனிமே நிக்கவே நிக்காதுங்களா?"

"நிக்காதுங்க. ரெண்டு கார்டும் பச்சத்தண்ணியாட்ட இருக்கும். இனி ஆரையும் கூப்புட வேண்டியதே இல்லீங்க."

வெள்ளியங்கிரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்படீங்களா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லதுதானுங்க" என்றார்.

அருண்குமார் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "வாரனுங்க" என்றான். அவர் வாசல் வரைக்கும் வரவில்லை.

வண்டியைக் கிளப்பப் போனவன் பக்கத்தில், செல்லாத்தாள் துடைப்பத்தோடு கூட்டிக்கொண்டே கேட் வரைக்கும் வந்துவிட்டாள்.

"நிமுந்து பாக்காதீங்கம்மா. அப்பா பாத்தா உங்களத்தான் பேசுவாரு."

அவள் குனிந்தபடியே, கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள். "சாப்புட்டியா சாமி? எளச்சுப்போயிட்டயே. நீ கட்டிக்கிட்ட அந்தப் புள்ளெ மெஹராஜ் நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்கறமுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் பெங்களூர் போறோம். அங்கியே வேலெ கெடச்சிருச்சு. இனி கடையிலிருந்து நான் வரமாட்டேன்."

துடைப்பம் நின்றது.

சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்து அவள் கையில் வைத்தான். "மொத தடவையே தெரிஞ்சுபோச்சுங்கம்மா. என்னெப் பாக்கோணும்னு ஃபேனுக்குள்ள சீமாத்துக் குச்சியெச் சொருகறீங்களே, கரண்ட் அடிச்சா என்ன பண்றது? அதான் வலெ போட்டுட்டேன். இனி இந்த வேலெ வேண்டாமுங்க."

செல்லாத்தாள் கையிலிருந்த குச்சியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்நேரம் வீட்டுக்குள்ளிருந்து கார் ஓடுகிற கேம் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"நானெங்க கண்ணு சொருகுனேன்? அந்த ரூம்புச் சாவிய உங்கப்பா எங்கையில குடுத்ததே இல்லியே."