வறுத்த மணிகள்

புது ஷூ பெட்டிக்குள் கிடக்கும், ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்ன மணிப் பொட்டலத்தை என்ன செய்வீர்கள்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மோகனா, கழித்துக்கட்டிய பொட்டலங்களைக் கேட்டு வாங்கிவந்து, வேலூர்க் கல்லூரி ஆய்வகத்தில் தங்கை கலையரசியின் மேசையில் கொட்டுகிறாள். வெளியே சாயங்கால மழை சன்னலை அறைகிறது. ஈரம் குடித்து ரோஸாகிப்போன மணிகள் சட்டியில் சூடேறி, ஓரத்திலிருந்து மெல்ல நீலமாகின்றன.

"இன்னாடி, பேட்டரி செய்றேன்னுட்டு கடலை வறுக்கிற?"

"சிரிக்காதக்கா. பேட்டரிக்குள்ள ஊத்துற அலுமினியம் குளோரைடுல துளி ஈரம் பட்டாலும் காலி. முன்ன செஞ்ச ரெண்டு செல்லும் ஒரு தடவைக்கு மேல சார்ஜே ஏறல. இதுவும் போச்சுன்னா வேற தலைப்பு எடுன்னுட்டாரு சார்."

ஆறிய மணிகளைக் கலையரசி, உள்காற்றின் ஈரத்தை உறிஞ்ச, கையுறை பொருத்திய கண்ணாடிப் பெட்டிக்குள் பரப்பி மூடுகிறாள். உள்ளே அலுமினியத் தகடு, கிராஃபைட், நடுவே அந்தக் குளோரைடு கலந்த மஞ்சள் திரவம். கையுறைக்குள் கைவிட்டுச் செல்லை ஒட்டுகிறாள். சார்ஜ் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிச் சுவர்க்கடிகாரத்தில் மாட்டுகிறாள். விநாடி முள் துள்ளி நகர்கிறது.

"நின்னுட்டா இன்னா பண்ணுவ?"

"திரும்ப வறுப்பேன். நீ பொட்டலம் கொண்டா."

மறுநாள் காலை கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது.