வலி நின்ற பிறகு

"இந்த மாத்திரைல தலைவலி நின்னுபோச்சு சார்," என்றான் ஏகநாதன்.

1988-ல் பெருங்களத்தூரில் சைக்கிளில் போனவனை லாரி இடித்து மண்டை உடைந்தது. அதற்குப் பிந்தைய எட்டு மாதத்தில் இது நான்காவது மருந்து.

"அப்போ நிறுத்திடலாம்," என்றார் டாக்டர்.

"ஐயோ, வாணாம் சார்!" அவன் மனைவி பச்சையம்மா பதறினாள். "வலில துடிக்கிறாரு. வெளிய சொல்ல மாட்டேன்றாரு. இன்னும் ஜாஸ்தியா எழுதிக் குடுங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசிட்டு வாங்க."

வெளியே வந்ததும் ஏகநாதன் சீறினான். "ஏன் பொய் சொன்ன? அத்தப் போட்டா நாள் பூரா தூக்கமாவே கீது. நான் வேலைக்குப் போவ வாணாமா?"

"நீ தூங்கினாத்தான் புள்ளைங்களை அடிக்க மாட்ட."

"நானா? எப்போ அடிச்சேன்?"

"தலைல அடிபட்டதிலேர்ந்து அடிக்கிற. அப்பால உனக்கு ஞாபகமே இருக்கறதில்ல. சின்னவ படில வுழுந்து கையை ஒடச்சிக்கினான்னு உன்கிட்ட சொன்னேன்ல? அது நீ அடிச்சது."

ஏகநாதனே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"அவ சொன்னதுதான் நிஜம் சார். வலி தாங்க முடியல. ஜாஸ்தியாவே எழுதுங்க."