விலகல் காரணம்

"டிரைவர் பலவேசத்துக்கு விலகல் காரணம் கேக்குது. ராஜினாமா, நீக்கம், மரணம், மூணுதான் இருக்கு. 'காணவில்லை'ன்னு ஒண்ணு சேக்க முடியாதா?" என்று கேட்டாள், லாரி ஆபீஸ் கிளார்க் பிரேமா.

"சாப்ட்வேரையே மாத்தணும் மேடம். முதலாளி சொன்னா செய்யலாம்," என்றான், அதைப் பொருத்த வந்தவன்.

முதலாளி அவனைப் பார்த்தார். "ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆத்து வெள்ளத்துல போனவன், தம்பி. லாரி கெடச்சுது, ஆளு கெடைக்கல. ஒரு ஆளுக்காவ எதுக்கு மாத்திக்கிட்டு?"

"திரும்பி வந்துட்டா, அண்ணாச்சி?"

"வரமாட்டாம்மா," என்றார் பைய. "மரணம்னே போட்டுரு."

பிரேமா அதை அழுத்தினாள். அடுத்து, வாரிசின் பெயரையும் உறவையும் கேட்டது கம்ப்யூட்டர்.

'பிரேமா, மனைவி' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள்.