பதினான்காம் கேள்விக்கான பதில்

நாடாளுமன்றக் குழுவின் கூட்டக்குறிப்பு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. "கேள்வி 14: அணையால் எத்தனை குடும்பங்கள் இடம்பெயரும்? பதில்: திட்டத்துறை இயக்குநர் அழுதார்."

இயக்குநருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு என்று கூட்டத்தில் தெளிவாகச் சொன்னவள் அவள். இரண்டு முறை திருத்தி அனுப்பியும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் குறிப்பில் அவள் கையெழுத்திடாமல் அணை அடங்கிய ஐந்தாண்டுத் திட்டம் நகராது.

நேரே நாடாளுமன்றத்துக்குப் போய்ச் சுருக்கெழுத்தாளரைப் பிடித்தாள். "நான் எங்க சார் அழுதேன்? விளையாடறீங்களா?"

"கேட்டதைத்தான் எழுதினேன் மேடம். நீங்களே கேளுங்க." அவர் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

குழுத்தலைவர் பதினான்காம் கேள்வியைக் கேட்டார். "நானூற்று..." என்று தொடங்கிய அவள் குரல் உடைந்தது. விக்கி விக்கி அழுதாள்.

"அழாதம்மா, நாங்க கெளம்பிடறோம்," என்றாள் ஒரு பெண். கூட்டத்தில் இயக்குநரைத் தவிர வேறு பெண்ணே இல்லை.

ஒலிப்பதிவில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரங்கள் உரசும் ஓசையோடு காலடிகள் ஒவ்வொன்றாக வெளியேறத் தொடங்கின.

"போதும், நிறுத்துங்க."

"இதைக் குறிப்புல சேர்க்கல மேடம்," என்றார் சுருக்கெழுத்தாளர். "எல்லாரும் போய் முடிக்க ஒரு மணி நேரம் ஆகுது."