ராங்கிக்காரி

வெயில் சன்னல் இடுக்கில் ஒற்றைக் கோடாக விழுகிறது. அக்காள் வீட்டுக் கூடத்தில் தங்கை மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள். “உங்கக்கா கோவிச்சுக்கிட்டு, போனையும் எடுத்துக்கிட்டு எங்கேயோ போயிட்டா” என்று அக்காளின் புருஷன், மாமா, அளக்கும் கதையில் ஓர் எழுத்தையும் அவள் நம்பவில்லை. தன் போனில் இருக்கும் அக்காளின் படத்தைக் கணினியில் ஏற்றி, அச்சடித்து, தெருத்தெருவாக ஒட்டப்போகிறாள். ஒயர் இல்லாததால் ப்ளூடூத்தைப் போட்டிருக்கிறாள். திரை பக்கத்துப் போன்களைத் துழாவுகிறது. முதலில் அவள் போனின் பெயர் வருகிறது. அதற்குக் கீழே ‘ராங்கிக்காரி’ என்று வருகிறது. அக்காளின் போனுக்குத் தங்கையே கேலியாக வைத்த பெயர். ப்ளூடூத் என்ன ஊர்விட்டு ஊரா பாயும்? நாலு சுவர் தாண்டினாலே அதற்கு மூச்சு வாங்கும்.

“ஏத்தியாச்சாம்மா?” மாமா எதிரே வந்து நிற்கிறார். ஒரு கையில் டீ, மறுகையில் பிஸ்கட் தட்டு. பல் மட்டும் சிரிக்கிறது.

“ஏறிக்கிட்டே இருக்கு மாமா. உங்க போன் எங்க?”

“சட்டைப்பையில. ஏன், அதையும் நோண்டணுமா?”

அவள் அந்தப் பெயரை அழுத்துகிறாள். திரையில் ஓர் எண் எழுகிறது. அந்தப் போனிலும் இதே எண் தெரியும். அங்கே ஒருவர் ‘சரி’ என்று தொட்டால்தான் இரண்டும் சேரும். வீட்டில் வேறு யாருமில்லை என்று கதவு திறக்கும்போதே சொன்னவர் மாமாதான். அவருடைய இரண்டு கைகளும் அவள் கண்ணெதிரே இருக்கின்றன. டீயில் ஆவி பறக்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது.

‘இணைக்கப்பட்டது’ என்கிறது திரை.

“எடுத்துக்கம்மா” என்று மாமா தட்டை நீட்டுகிறார்.

அவள் எழுந்து நிற்கிறாள். “மாமா, இந்த வீட்டுல மொத்தம் எத்தனை ரூம்?”