நடுவிலிருந்து அறுத்தவர்

"எந்த ஊர்ல ஐயா நடு வயல்லேர்ந்து அறுப்பை ஆரம்பிப்பாங்க?"

வரப்பில் நின்ற வயல்காரம்மாளின் குரலுக்கு அறுவடை இயந்திரம் நின்றது. டிரைவர் இறங்கினார்.

ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போவதுதான் வழக்கம். இவரோ விளைந்த கதிரை மிதித்துக்கொண்டு நடுவுக்குப் போய், அங்கிருந்து வெளிப்பக்கமாக அறுத்துக்கொண்டு வந்தார்.

"என் தடிக்கு இன்னைக்கு வேலையே இல்லை அண்ணி," என்றார் கொழுந்தனார். கடைசியில் நடுவே மிஞ்சும் கதிருக்குள் ஒடுங்கும் முயல்களை அடிப்பதற்காக அதை எடுத்து வந்திருந்தார்.

வயலை ஒட்டிய சிறு காட்டுக்குள் முயல் ஒன்று பாய்ந்து மறைந்தது. பின்னாலேயே இரண்டு எலிகள்.

"அதுங்க போகட்டும்னுதாம்மா," என்றார் டிரைவர். "பகல்ல காட்டுல படுத்துக்கும், இருட்டினா வயலுக்கு வரும். கதிர் முத்தினதும் இங்கேயே குட்டி போட்டுத் தங்கிடும். ஓரத்துலேர்ந்து அறுத்தா எல்லாம் நடுவுல மாட்டிக்கும். இப்படி அறுத்தா காட்டுப் பக்கம் ஒதுங்கிடும்."

"எலிக் குடும்பத்துக் கதையெல்லாம் அத்துப்படியா இருக்கே! யார்கிட்டப் படிச்சீங்க?" என்றார் கொழுந்தனார்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கதிரைத் தின்ன எலியை வழியனுப்பி வைக்கவா உங்களைக் கூப்பிட்டேன்?" என்றாள் வயல்காரம்மாள்.

"தப்புதாம்மா."

"தப்புன்னு தெரிஞ்சே செய்யறீங்க. மிஷினை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. மிச்சத்தை வேற ஆளை வச்சு அறுத்துக்கறேன். இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்."

அவர் மறுபேச்சுப் பேசாமல் திரும்பியதுதான் அவளை இன்னும் சுட்டது. போன வருஷம் வரை அறுப்பைக் கவனித்துக்கொண்டவன் அவளுடைய ஒரே மகன். மழைக்காலத்துக் காய்ச்சலில் அவன் போனபிறகு, ஆளாளுக்குத் தன்னை ஏய்ப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

"கேட்க நாதியில்லாத வீடுன்னு நினைச்சுட்டீங்க. என் பையன் இருந்திருந்தா, இப்படி மனசு போனபடி அறுக்க விட்டிருப்பானா?"

இயந்திரத்தின் படியில் கால் வைத்த டிரைவர் அப்படியே நின்றார். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

"தம்பி சொல்லித்தாம்மா போன வருஷம் முதல்தடவையா இப்படி அறுத்தேன். 'அம்மாவுக்கு எலின்னாலே ஆகாது. அடுத்த அறுப்புக்குள்ள நானே பக்குவமாச் சொல்லிடறேன். அதுவரைக்கும் நீங்க மூச்சு விடாதீங்கண்ணே'ன்னு கேட்டுக்கிட்டாரு."